'டு தி பிட்டர் எண்ட்': பொருளறிந்து பயன்படுத்தும் முறை

'டு தி பிட்டர் எண்ட்' என்ற ஆங்கிலத் தொடரை முதன்முறையாகப் படிப்பவர்கள் 'கசப்பான முடிவு வரை' என்று பெயர்த்துக்கொள்வார்கள். அது பிழையன்று, ஆனால் பாதிக் கதைதான்.

முதற்படியாக, கசப்பைச் சற்று மறந்துவிடுங்கள். பழைய பாய்மரக் கப்பல்களின் மேல்தளத்தில், நங்கூர வடத்தைச் சுற்றிக் கட்டுவதற்காக நிறுத்தப்பட்ட தடித்த மரத்தூண்களுக்கு 'பிட்ஸ்' என்று பெயர். அவற்றில் வடம் சுற்றிய சுற்று 'பிட்டர்' என்றும், கப்பலுக்குள்ளேயே நிற்கும் வடத்தின் பகுதி 'பிட்டர்ஸ் எண்ட்' என்றும் கேப்டன் ஜான் ஸ்மித் 1627-இல் வெளியான தம் கடலோடிக் கையேட்டில் விளக்கியிருக்கிறார்.

இரண்டாம் படியாக, அந்தக் காட்சியை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். மாலுமிகள் தூணிலுள்ள சுற்றைத் தளர்த்தத் தளர்த்த வடம் கடலுக்குள் இறங்குகிறது. ஆழம் மிகுதியாக இருந்து உள்முனையும் தூணுக்கு வந்துவிட்டால், அதற்குமேல் விடுவதற்கு ஒரு முழம்கூட மிஞ்சாது. இந்த ஆபத்து இன்றும் உண்டு என்பதால்தான் அமெரிக்கக் கடற்படையினர் நங்கூரச் சங்கிலியின் கடைசி 90 அடித் துண்டு முழுவதற்கும் சிவப்பும், அதற்கு முந்தைய துண்டுக்கு மஞ்சளும் பூசி வைக்கிறார்கள்.

கசப்புக்கும் பங்கில்லாமல் இல்லை. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில், நீதிமொழிகள் 5:4, தீயவளின் முடிவைக் கசப்பு மிகுந்த ஒரு மூலிகைக்கு ஒப்பிடுகிறது. தமிழ் விவிலியம் அந்த இடத்தில் எட்டியைச் சொல்கிறது. வடத்தின் முனையோடு இந்தக் கசப்பும் கலந்தே இன்றைய பொருள் உருவாகியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

இனிப் பயன்பாடு. எவ்வளவு துன்பம் வந்தாலும் இறுதிவரை விடாமல் நிற்பதையே இத்தொடர் குறிப்பதால், போராடுதல், தாக்குப்பிடித்தல் போன்ற வினைகளோடு இதைச் சேர்த்துச் சொல்லுங்கள்: 'தே ஃபாட் டு தி பிட்டர் எண்ட்'. தென்னாப்பிரிக்காவில் 1902 மே 31 அன்று ஆங்கிலேயருடன் உடன்படிக்கை கையெழுத்தாகும்வரை ஆயுதத்தைக் கீழே வைக்காத போயர் (டச்சு வழிவந்த குடியேறிகள்) வீரர்களுக்கு 'பிட்டர்எய்ண்டர்கள்' என்றே பெயர்.

சலிப்பூட்டும் மூன்று மணி நேரக் கூட்டத்தில் கடைசிவரை உட்கார்ந்திருந்ததைச் சொல்லவும் இத்தொடர் பொருந்தும். ஆனால் நண்பர் வீட்டு விருந்தில் பாயசம் வரை இருந்து உண்டதாக அவரிடமே இப்படிச் சொல்லிவிடாதீர்கள். சமையலைக் குறை கூறியதாகிவிடும்.