ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம்: புறப்படும் முன் நேரம், மழை, தண்ணீர், காசு

ஊரில் வங்கி அலுவலோ காணி அலுவலோ இருந்தால், வெள்ளி இரவு ரொறன்ரோவிலிருந்து போன் எடுத்துப் பயனில்லை. அங்கே அது சனிக்கிழமை. ஞாயிறு இரவு எடுங்கள். குளிர்காலத்தில் இங்கே இரவு 10:30 என்றால் யாழ்ப்பாணத்தில் திங்கள் காலை 9 மணி, வங்கி திறக்கும் நேரம். மார்ச்சில் கனடாவில் மணிக்கூட்டை முன்னே தள்ளியதும் இந்த இடைவெளி 9½ மணித்தியாலமாகக் குறையும். நவம்பரில் திரும்பவும் 10½. பௌர்ணமி நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். போயா என்று எல்லா அலுவலகமும் பூட்டு.

நேரம் என்றதும் ஒரு பழைய கதை: இலங்கை 1996இல் மணிக்கூட்டை முன்னே தள்ளி, 2006இல்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. அந்தப் பத்து ஆண்டும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்தையே வைத்திருந்தது. "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்டுப் பேசிய காலம் அது. பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

சரி, எப்போது போவது? பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்து ஆடி, ஆவணியில்தான் பலரும் போகிறோம். நல்லூர்த் திருவிழா 25 நாள். அதைப் பார்க்கப் போவது நல்லதுதான், ஆனால் வெயிலும் கூட்டமும் இருக்கும், வான் வாடகையும் ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை; வெள்ளம் வந்தால் பயணம் குழம்பும். என்னைக் கேட்டால் தைப்பொங்கலை ஒட்டிப் போங்கள். மழை ஓய்ந்திருக்கும், கிணறு நிறைந்திருக்கும், வன்னியில் மாரி மழையை நம்பி விதைத்த காலபோக நெல் அறுவடைக்கு வந்துகொண்டிருக்கும். வல்வெட்டித்துறையில் பட்டமும் ஏறும்.

கிணறு என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறுகூட மழைக்காலத்தில்தான் ஓடும். பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உவர்நீருக்கு மேலே நன்னீராக நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே வந்துவிடும். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் விளைவது இந்தத் தண்ணீரில்தான், பல வீடுகளில் குளியலறைக் குழாயில் வருவதும் இதே தண்ணீர்தான். ஒன்ராறியோ ஏரிக்கரையில் இருந்து வரும் நமக்கு மோட்டாரைப் போட்டு அரை மணித்தியாலம் குளிப்பது பெரிய விஷயமாகத் தெரியாது. பங்குனிக்குப் பிறகு போகிறவர்கள் தயவுசெய்து வாளியில் அள்ளிக் குளியுங்கள். உரம் கலந்த கிணறுகளும் உண்டு, அதனால் குடிக்க வடிகட்டிய தண்ணீரையே வாங்குங்கள், முக்கியமாகக் குழந்தைகளுக்கு. ஆனால் வன்னியில் கதை வேறு. அங்கே குளங்கள்தான் எல்லாம். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் நின்றால்தான் கிளிநொச்சியில் வெயில் கால நெல்லான சிறுபோகம் விதைப்பார்கள்.

கனடாவின் 120 வோல்ட் சோற்றுச் சட்டியை அன்பளிப்பாகக் கொண்டுபோகாதீர்கள். ஊரில் 230 வோல்ட், செருகியதும் எரிந்துவிடும்.

காசை வங்கியில் மாற்றுங்கள். 5000 ரூபாய்த் தாளைச் சின்னக் கடைகளில் மாற்றித் தருவது கஷ்டம், 100, 500 தாள்களாகக் கேட்டு வாங்குங்கள். ஸ்காபரோவில் ஒரு மணித்தியாலச் சம்பளத்தை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்தால் எல்லாமே மலிவாகத் தெரியும். அந்தக் கணக்கோடு கேட்ட விலையை அப்படியே கொடுத்தால், நாம் திரும்பிய பிறகும் அந்த விலை நிற்கும்; அதைக் கொடுக்க வேண்டியவர் ரூபாயில் நாட்கூலி வாங்கும் பக்கத்து வீட்டுக்காரர். அதனால் ஓட்டோவுக்கும் வீட்டு வாடகைக்கும் ஊர்விலையை உறவினரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஒடியல், பனங்கட்டி, கருவாடு போன்றவற்றைச் செய்பவரிடமே நேரே வாங்குங்கள், அங்கே பேரம் பேசவேண்டாம்.

காணி வாங்கும் யோசனை இருந்தால் அவசரப்பட்டு முற்பணம் கொடுக்காதீர்கள். வெளிநாட்டவர் காணி வாங்குவதை 2014ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு ஒரு வழி, கனடாக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவருக்கு வேறு வழி. பங்குக் காணியென்றால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையும் சேர்ந்து வரும், மற்றப் பங்காளிகளுக்குத்தான் முதல் உரிமை. யாழ்ப்பாணத்திலேயே ஒரு சட்டத்தரணியைப் பார்த்துக் காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டுங்கள்.