இருவராக ஒரு நடைநாள்: ரயிலில் போய், குன்றைக் கடந்து, ரயிலில் திரும்புவது எப்படி

இங்கிலாந்துக்கு வந்த புதிதில் நானும் என் கணவரும் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு ஒரே நாளில் நான்கு ஊர் பார்த்துவிடுவோம். ஒவ்வொரு ஊரிலும் வண்டி நிறுத்த இடம் தேடியே அரை மணி போகும். கொஞ்சம் படம் எடுத்துவிட்டு அடுத்த ஊர். இரவு வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தால் எந்தப் பாலம் எந்த ஊரில் இருந்தது என்றே இருவருக்கும் தெரியாது. இப்போது அப்படிப் போவதில்லை. ஒரே பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு அங்கேயே திரும்பத் திரும்பப் போகிறோம். ரயிலில் போவோம், நடப்போம், ரயிலில் திரும்புவோம். மலையேறிப் பழக்கமில்லாத இருவர் இதை எப்படித் தொடங்கலாம் என்பதை, நாங்கள் போகும் பாதையையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

படி 1: ஒரு ரயில் பாதையைத் தேர்ந்தெடுங்கள்

ஊரைத் தேடாதீர்கள், முதலில் ரயில் பாதையைத் தேடுங்கள். ஒரு ஸ்டேஷனில் இறங்கி, நடந்து, அடுத்த ஸ்டேஷனில் ஏற முடிகிற பாதை வேண்டும். காரில் போனால் நிறுத்திய இடத்துக்கே திரும்பியாக வேண்டும். ரயிலில் போனால் ஒரு மலையின் இந்தப் பக்கம் இறங்கி அந்தப் பக்கம் ஏறலாம்.

எங்கள் பாதை மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே ஓடும் ஹோப் வேலி பாதை. 1894-இல் திறந்தது. ஈடேல், ஹோப், பாம்ஃபோர்ட், ஹாதர்ஸேஜ், கிரிண்டில்ஃபோர்ட் என்று வரிசையாகச் சின்னச் சின்ன ஸ்டேஷன்கள், எல்லாமே பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள். பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா அதுதான், 1951-இல் அறிவிக்கப்பட்டது. மான்செஸ்டரிலிருந்து ஈடேலுக்கு முக்கால் மணி நேரம், ஷெஃபீல்டிலிருந்து அரை மணி.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பாதையில் விரைவு ரயில்களும் ஓடுகின்றன, அவை ஈடேலில் நிற்காது. முதல் முறை போனபோது நாங்கள் பலகையைச் சரியாகப் பார்க்காமல் அதில் ஏறிவிட்டோம். ஈடேல் ஜன்னலுக்கு வெளியே ஓடிப் போனது, ஷெஃபீல்டில் இறங்கித் திரும்பி வருவதற்குள் பாதிக் காலை முடிந்துவிட்டது. நிற்கும் ஊர்களின் பட்டியலில் உங்கள் ஸ்டேஷன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

படி 2: டிக்கெட்

இருவராகவே எப்போதும் போவீர்கள் என்றால் ‘டூ டுகெதர் ரயில்கார்டு’ வாங்கிவிடுங்கள். 2025-இல் அதன் விலை 35 பவுண்டு, ஒரு வருடத்துக்குச் செல்லும். இருவருடைய பெயரும் படமும் அதில் இருக்கும். இருவரும் சேர்ந்து பயணம் செய்தால் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. வார நாட்களில் காலை 9.30-க்குப் பிறகுதான் செல்லும், சனி ஞாயிறில் நேரக் கட்டுப்பாடு இல்லை. ஒருவர் மட்டும் போகும்போது அதைக் காட்ட முடியாது, அதை மறந்துவிடாதீர்கள். வருடத்தில் இருவரும் சேர்ந்து 105 பவுண்டுக்கு மேல் டிக்கெட் வாங்கினால் போட்ட காசு திரும்பிவிடும்.

மான்செஸ்டரிலிருந்து வருகிறவர்கள் தூரத்து ஸ்டேஷனான ஹோப் வரைக்கும் போக-வர டிக்கெட் எடுங்கள். போகும்போது ஈடேலிலேயே இறங்கலாமா என்று கவுன்ட்டரில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டும் செல்லும் ‘அட்வான்ஸ்’ டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இறங்குகிற மலையில் என்ன நிம்மதி இருக்கும்?

படி 3: காகித வரைபடம் வாங்குங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆர்டனன்ஸ் சர்வே என்பது பிரிட்டனின் வரைபட நிறுவனம், 1791-இல் தொடங்கியது. அதன் ‘எக்ஸ்ப்ளோரர்’ வரிசை, ஆரஞ்சு அட்டை போட்டது, நடப்பவர்களுக்கானது. தரையில் ஒரு கிலோமீட்டர், தாளில் 4 சென்டிமீட்டர். தனித்தனி வயல்களின் சுவர்கள்கூட அதில் இருக்கும். இளஞ்சிவப்பு அட்டை போட்ட ‘லேண்ட்ரேஞ்சர்’ வரிசையில் அந்த அளவு விவரம் கிடையாது, மாற்றி வாங்கிவிடாதீர்கள். எங்கள் பள்ளத்தாக்குக்கு வேண்டியது ‘ஓஎல் 1, டார்க் பீக்’. தாளோடு ஒரு குறியீடும் தருவார்கள், அதைப் போட்டால் அதே வரைபடம் போனிலும் இறங்கிவிடும். இருந்தாலும் மேசையில் விரித்துவைத்து இருவரும் குனிந்து விரலால் பாதையைத் தேடுவது போனில் வராது. எங்கள் வெள்ளிக்கிழமை இரவுகள் இப்படித்தான் போகின்றன.

மூன்று விஷயம் தெரிந்தால் போதும், படிக்க ஆரம்பித்துவிடலாம்.

பச்சைப் புள்ளிக்கோடு என்றால் பொதுவழி. குட்டிக் குட்டிக் கோடுகள் நடப்பவர்களுக்கு மட்டும். நீளமான கோடுகள் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. கறுப்புப் புள்ளிக்கோடு என்றால் தரையில் பாதை இருக்கிறது என்று மட்டும்தான் பொருள், அதில் நடக்கும் உரிமை இருக்கிறது என்பதற்கு உறுதி இல்லை.

பழுப்புக் கோடுகள் உயரத்தைக் காட்டுபவை. அவை நெருங்கி நெருங்கி இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சமதளம். முதல் நடைக்குக் கோடுகள் விலகியிருக்கும் பாதையாகப் பாருங்கள்.

நீலக் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு கிலோமீட்டர். எத்தனை கட்டம் கடக்கிறீர்கள் என்று எண்ணினால் தூரம் ஓரளவு தெரிந்துவிடும்.

பச்சைக் கோடு தனியார் வயலின் நடுவே போகும்போது புதியவர்களுக்குத் தயக்கம் வரும். எனக்கும் வந்தது. யாராவது வந்து கேட்டால் என்ன சொல்வது என்று கதவைத் தொடவே கூச்சப்பட்டேன். தயங்க வேண்டாம். நிலம் விவசாயியுடையது, வழி எல்லோருடையது, சட்டப்படி அதில் யாரும் நடக்கலாம். வழியைவிட்டு இறங்கித் திறந்த மேட்டு நிலங்களில் உலவும் உரிமை மட்டும் எளிதில் வரவில்லை. ஈடேலுக்கு மேலே தெரியும் கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலம் ஒரு காலத்தில் வேட்டைக்காகப் பூட்டிவைக்கப்பட்டிருந்தது. 1932 ஏப்ரல் 24 அன்று, மறுபக்கத்திலுள்ள ஹேஃபீல்டிலிருந்து நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தடையை மீறி அதன்மேல் ஏறினார்கள். பென்னி ராத்மன் என்ற இருபது வயது இளைஞர் உட்பட ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். திறந்த நிலங்களில் நடக்கும் உரிமை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. வரைபடத்தில் வெளிர்மஞ்சளாகத் தெரிவது அந்த நிலங்கள். அந்த மஞ்சளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இளைஞர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

படி 4: நேரத்தைக் கணக்கிடுங்கள்

நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. நான் சொல்லப்போகும் நடை சுமார் 9 கிலோமீட்டர், ஏற்றம் 150 மீட்டர் அளவு. கணக்குப்படி இரண்டு மணி நேரம். நீங்கள் ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

குளிர்காலத்தில் இருட்டும் நேரத்தை முதலில் பாருங்கள். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம். முதல் நடைக்கு மே அல்லது ஜூன் நல்லது.

படி 5: பையில் என்ன?

மழைக்கோட்டு, வெயில் அடித்தாலும். குடை வேண்டாம், மேலே காற்று பிய்த்துவிடும். ஜீன்ஸ் போடாதீர்கள், நனைந்தால் காய நாளாகும், உடம்பு சில்லிட்டுவிடும். கணுக்காலைப் பிடிக்கும், அடியில் நல்ல பிடிப்புள்ள ஷூ. மாற்றுச் சாக்ஸ் ஒரு ஜோடி.

சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். கிராமத்துப் பப்களில் பல, மதிய உணவு முடிந்ததும் சமையலறையை மூடிவிடும். நடந்து களைத்து மூன்று மணிக்குப் போய் நின்றால் பசியோடுதான் திரும்ப வேண்டும். எங்களுக்குப் புளியோதரைதான். காலையில் கிளறி டப்பாவில் அடைத்தால் மதியத்துக்குள் நன்றாக ஊறிவிடும், குளிரிலும் ருசி கெடாது. கூடவே ஒரு ஃபிளாஸ்க் இஞ்சி டீ.

படி 6: நடை

ஈடேலில் இறங்கியதும் நேரே ஏறத் தொடங்காதீர்கள். ஊருக்குள் ஒரு நடை போய்வாருங்கள். பத்து நிமிடத்தில் ‘ஓல்ட் நாக்ஸ் ஹெட்’ என்ற பழைய பப் வரும். 1965-இல் திறந்த பென்னைன் வே என்ற நெடுந்தூர நடைபாதை அங்கேதான் தொடங்குகிறது. 268 மைல் வடக்கே போய் ஸ்காட்லாந்தில் முடியும். பெரிய மூட்டையோடு அங்கிருந்து புறப்படுகிறவர்களைப் பார்த்துவிட்டு, உங்கள் குட்டிப் பையோடு திரும்பி வாருங்கள்.

இப்போது தெற்கே. பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் நோ என்ற சிற்றாற்றைத் தாண்டி, வழிகாட்டிப் பலகைகளையும் வரைபடத்தையும் பார்த்து ஹாலின்ஸ் கிராஸ் நோக்கி ஏறுங்கள். வழியில் சுண்ணாம்புக் கலவை இல்லாமல் அடுக்கிய கற்சுவர்கள் குறுக்கே வரும். ஆள் தாண்டலாம், ஆடு தாண்ட முடியாது என்கிற விதத்தில் அவற்றில் படி வைத்திருப்பார்கள், ‘ஸ்டைல்’ என்று பெயர். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரை ஒருமுறை கூட்டிக்கொண்டு போனோம். பார்த்த உடனே “எங்கட வேலிக் கடப்பு மாதிரி” என்றார். அன்றிலிருந்து எங்களுக்கும் அது கடப்புதான்.

கதவுகளுக்கு ஒரே விதி: திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி. வசந்தத்தில் கன்றோடு பசு நின்றால் இரண்டுக்கும் நடுவே போகாதீர்கள். வேலியோரமாகச் சுற்றிப் போங்கள், அவசரப்படாமல்.

மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வருடம் ஆயிற்று. என் கணவருக்குக் கால் நீளம், வேகமாகப் போய் மேலே நின்று காத்திருப்பார். நான் மூச்சு வாங்கி அவரை எட்டும்போது அவர் ஓய்வெடுத்து முடித்திருப்பார், உடனே கிளம்பிவிடுவார். எனக்கு ஓய்வே கிடைக்காது. இப்போது வரைபடத்தோடு நான் முன்னால் போகிறேன். பேச்சும் அறுபடுவதில்லை.

ஹாலின்ஸ் கிராஸ் ஏறக்குறைய 390 மீட்டர் உயரத்தில், நீண்ட மலைமுதுகின் தாழ்வான இடம். வடக்கே நீங்கள் வந்த ஈடேல், தெற்கே காசில்டன். மேற்கே 517 மீட்டர் உயர மாம் டோர், கிழக்கே பேக் டோர். இங்கே உட்கார்ந்து சாப்பிடுங்கள், குறைந்தது ஒரு மணி நேரம். ஈடேலில் தேவாலயம் இல்லாத காலத்தில், இறந்தவர்களை இந்த வழியாகத்தான் ஹோப் ஊருக்குச் சுமந்து போனார்கள். பிறகு ஈடேலில் பஞ்சாலை வந்தபோது காசில்டன் பெண்கள் தினமும் இதே மேட்டைக் கடந்து வேலைக்கு வந்தார்கள். மழையிலும் பனியிலும், இரண்டு வேளையும். நான் மூச்சு வாங்க ஏறுகிற இந்த ஏற்றம் அவர்களுக்கு வேலைக்குப் போகும் வழி.

மாம் டோர் ஆசை காட்டும். முதல் முறை விட்டுவிடுங்கள், அடுத்த முறைக்கு ஒன்று வேண்டும். அதன் கிழக்கு முகம் இடிந்து இறங்கியபடியே இருப்பதால் ‘நடுங்கும் மலை’ என்பார்கள். அடியில் மென்களிப்பாறை, மழை பெய்தால் வழுக்கிவிடும். அதன்மேல் போட்ட நெடுஞ்சாலையைச் செப்பனிட்டுச் செப்பனிட்டு முடியாமல் 1979-இல் மூடினார்கள்.

தெற்குச் சரிவில் இறங்கினால் காசில்டன். ஊருக்குமேல் பெவரில் கோட்டை, அதன் சதுரக் கோபுரத்தை 1176-இல் இரண்டாம் ஹென்றி கட்டினார். ‘புளூ ஜான்’ என்ற ஊதாவும் மஞ்சளும் கலந்த கல் இந்த மலைக் குகைகளிலிருந்து வருகிறது. கோட்டை, குகை இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். மே 29-ஐ ஒட்டிப் போக முடிந்தால் இன்னும் நல்லது. அன்று இடுப்புவரை மூடும் பூக்கூட்டை அணிந்த ஒருவர் குதிரையில் ஊர்வலம் வருவார்.

காசில்டனிலிருந்து ஓடையோரமாக வயல்வழியே ஹோப் இரண்டரை கிலோமீட்டர், முழுக்கச் சமதளம். சிமென்ட் ஆலையின் புகைபோக்கி கூடவே வரும். 1929-இலிருந்து இருக்கிறது, இங்கே பலருக்குச் சோறு போடுகிறது. ஸ்டேஷன் ஊருக்கு வெளியே, இன்னும் கால் மணி நடை. அதைக் கணக்கில் சேர்க்காமல் ரயிலைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. ரயில் பெரும்பாலும் மணிக்கு ஒன்றுதான்.

ஏதாவது ஆகிவிட்டால்

கால் பிசகினால், 999-ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு ‘மவுண்டன் ரெஸ்க்யூ’ என்று கேளுங்கள். வருகிறவர்கள் தொண்டர்கள், கட்டணம் இல்லை. சிக்னல் மோசமான இடத்தில் குறுஞ்செய்தி அனுப்பியும் உதவி கேட்கலாம். அதற்கு வீட்டில் இருக்கும்போதே 999-க்கு ‘ரெஜிஸ்டர்’ என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி அனுப்பிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இப்போதே செய்துவிடுங்கள்.

அடுத்த முறை

ரயிலில் உட்கார்ந்ததும் வரைபடத்தில் நடந்த வழியைப் பென்சிலால் வரைந்து, தேதி எழுதுங்கள். எங்கள் தாளில் ஹாலின்ஸ் கிராஸ் பக்கத்தில் மட்டும் பதினோரு தேதிகள் இருக்கின்றன. ஏப்ரலில் ஆட்டுக்குட்டிகள், ஆகஸ்டில் மேடெல்லாம் ஊதா நிற ஹெதர் பூ, ஜனவரியில் ஒருமுறை முழங்கால் பனி.

அதன்பிறகு அதே ரயில் பாதையில் பாம்ஃபோர்டில் இறங்குங்கள். அங்கிருந்து நடந்தால் லேடிபவர் நீர்த்தேக்கம். 1940-களில் அதற்காக டெர்வென்ட், ஆஷப்டன் என்ற இரண்டு கிராமங்கள் மூழ்கின. டெர்வென்ட் தேவாலயத்தின் கோபுரம் மட்டும் 1947 வரை தண்ணீருக்கு மேல் நின்றது. வறண்ட கோடையில் நீர் வற்றினால் அந்த ஊரின் சுவர்கள் வெளியே தெரியும். 2022-இல் தெரிந்தன.