மகனுக்கு ஷூ, அம்மாவுக்கு அறிவுரை: தட்டைப் பாதத்தில் நாம் செய்யும் தவறுகள்

குளித்துவிட்டு ஓடிவரும் மூன்று வயதுப் பையனின் ஈரக்கால் சிமெண்டுத் தரையில் முழுசாகப் பதிகிறது. நடுவில் குழியே இல்லை. "ஐயோ, தட்டைப் பாதம்!" என்று பதறி, வளைவு வைத்த ஷூ தேடிக் கிளம்புகிறோம். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

அந்த வயதில் கால் தட்டையாக இருப்பது இயல்புதான். உள்ளங்காலில் கொழுப்புத் திண்டு இருக்கும், மூட்டுகளும் தளர்ந்திருக்கும். ஆஸ்திரியாவில் 3 முதல் 6 வயது வரையிலான 835 குழந்தைகளை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். மூன்று வயதில் 54 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். ஆறு வயதில் அது 24 சதவீதம்தான். எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் பையன்களில் 52 சதவீதம், பெண் குழந்தைகளில் 36. எடை கூடிய பிள்ளைகளிடம் இன்னும் அதிகம். உண்மையான கோளாறு நூற்றில் ஒருவருக்கும் குறைவு, ஆனால் நூற்றில் பத்துப் பேர் ஷூவுக்குள் வளைவுத் தாங்கி போட்டிருந்தார்கள்!

ஆகவே அக்கா காலைக் காட்டித் தம்பி காலைக் குறை சொல்லாதீர்கள். ஆண் குழந்தைகளுக்கு அந்தத் திண்டு தடிமனாகவே இருக்கும். பிள்ளையை நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். வளைவு எழுந்து வந்தால், வலியும் இல்லையென்றால், வெறுங்காலில் விளையாட விடுங்கள். நம் நாட்டில் 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களைப் பார்த்த 1992 ஆய்வில், செருப்பு, ஷூ போட்டவர்களிடம் தட்டைப் பாதம் 8.6 சதவீதம், வெறுங்காலில் வளர்ந்தவர்களிடம் 2.8 தான். வலி, விறைப்பு, ஒரு கால் மட்டும் தட்டை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது அம்மாக்களின் கால். கர்ப்பத்தில் எடை ஏறுகிறது, தசைநார்கள் தளர்கின்றன, வளைவு இறங்குகிறது. குழந்தை பிறந்த பிறகும் பலருக்குப் பாதம் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. பழைய செருப்பு கடித்தால் கால் வீக்கம் என்று நினைத்து அதையே இழுத்துப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். அளவு மாற்றி வாங்குங்கள்.

நாற்பது, ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு வருவது வேறு. உள் கணுக்காலின் பின்னால் ஓடி வளைவைத் தூக்கிப் பிடிக்கும் தசைநாண் நைந்துபோகிறது. எடை, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இருந்தால் வாய்ப்பு கூடும். உள் கணுக்காலில் வலி, வீக்கம். செருப்பின் உள்விளிம்பு மட்டும் தேய்கிறது. "வெயிட்டைக் குறைங்க, எல்லாம் சரியாயிடும்" என்று அனுப்பிவிடுவதுதான் பெரிய தவறு. எடை குறைவது நல்லதுதான். ஆனால் அதற்காக வலிக்கிற காலோடு தினமும் ஒரு மணி நேரம் நடந்தால் நாண் மேலும் நையலாம். ஒல்லியானவர்களுக்கும் இது வரும்.

அம்மாவைச் சுவரில் கை ஊன்றி, ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் எழவில்லை, அல்லது எழும்போது உள் கணுக்காலில் வலிக்கிறது என்றால், இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.