ஃபார்மட் அடிக்கும் முன்

தெரியாத லிங்கை அழுத்தாதீர்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்பதெல்லாம் இங்கே கிடையாது. அது எல்லோருக்கும் தெரியும். கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்த ஆபீஸ்களுக்குப் போகும்போது, அங்கே புதிதாகச் சேர்ந்த ஐடி பிள்ளைகள் எங்கள் தலைமுறை செய்த அதே காரியங்களைச் செய்துவிட்டு நிற்கிறார்கள். அவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பவர் பட்டனை அமுக்குவது

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். மெஷின் ஓடட்டும். அணைத்தால் ரேமில் இருப்பது போய்விடும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, பூட்டைத் திறக்கும் சாவியை உருவாக்கிய பகா எண்கள் விண்டோஸ் எக்ஸ்பி ரேமிலேயே தங்கிவிடுவதை ஏட்ரியன் கினே என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்து, மீட்கும் கருவி ஒன்றை எழுதினார். ரீஸ்டார்ட் செய்யாத மெஷினில் மட்டும்தான் அது வேலை செய்தது. நெட்வொர்க்கிலிருந்து பிரிக்கவே முடியாத நிலை என்றால் மட்டும் அணையுங்கள்.

ஃபார்மட்

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். முதலாளி பின்னால் நின்று "எப்பப்பா சரியாகும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பையன் பென்டிரைவைச் செருகி, விண்டோஸை மறுபடி போட்டு, பேக்கப்பிலிருந்து டேலியை ஏற்றி, விடிவதற்குள் பில் போட வைத்துவிடுவான். பாராட்டும் கிடைக்கும்.

ஒரு நூல் மில்லில் அப்படித்தான் நடந்தது. அடுத்த மாதமே அதே சர்வர் மறுபடி பூட்டிக்கொண்டது. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்க வசதி என்று ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தார்கள். அட்மின் பாஸ்வேர்டும் பழையதே. முதல் தடவையே, யார் எப்போது நுழைந்தார் என்று விண்டோஸ் எழுதிவைக்கும் செக்யூரிட்டி லாகில் 4625, 4624 என்ற ஈவென்ட் எண்களைத் தேடியிருந்தால், எந்த ஐபியிலிருந்து எத்தனை முறை முட்டிப் பார்த்தான், எப்போது உள்ளே வந்தான் என்பது தெரிந்திருக்கும். அந்த லாகைத்தான் ஃபார்மட் அடித்துவிட்டார்களே! வந்த வழி தெரியாமல் சர்வரைச் சரிசெய்வது, திருடன் எந்தக் கதவைத் திறந்தான் என்று பார்க்காமல் வீட்டுக்கு வெள்ளை அடிப்பது மாதிரி.

பூட்டிய கோப்புகளும் குப்பை இல்லை. ஆர்ஈவில் என்ற ரான்சம்வேர் கும்பலின் பூட்டுக்கு 2021 செப்டம்பரில் பிட்டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் இலவசக் கருவி வெளியிட்டது. அந்த ஆண்டு ஜூலை 13-க்கு முன் மாட்டியவர்களுக்கு அது உதவியது, கோப்புகளை அழிக்காமல் வைத்திருந்தால். இப்படிப்பட்ட கருவிகளை நோ மோர் ரான்சம் தளத்தில் தேடலாம்.

சரி, என்ன செய்ய வேண்டும்? பாதிக்கப்பட்ட டிஸ்க்கைக் கழற்றி, தேதி எழுதி ஒட்டி, பீரோவில் வையுங்கள். கழற்றும் முன் ரேமை நகலெடுக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். வேலையைப் புது டிஸ்க்கில் தொடங்குங்கள். அந்தச் செலவுக்கு முதலாளி முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பேக்கப் டிஸ்க்கைச் செருகிப் பார்ப்பது

பாதிக்கப்பட்ட மெஷினில் செருகாதீர்கள்.

கண்ணில் பட்ட டொமைனையெல்லாம் பிளாக் செய்வது

வான்னாக்ரை முதலில் ஒரு டொமைனைத் தொட்டுப் பார்க்கும். பதில் வந்தால் பூட்டாமல் நின்றுவிடும். மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் அந்த டொமைனைப் பதிவு செய்ததால்தான் பரவல் தணிந்தது. வைரஸ் பேசும் முகவரி என்று ஃபயர்வாலில் அதையே தடுத்தால், உள்ளே வந்த வைரஸ் பதில் கிடைக்காமல் பூட்ட ஆரம்பித்துவிடும். ஒரு முகவரி எதற்கு என்று பார்த்துவிட்டு அப்புறம் தடுங்கள்.

மிரட்டுபவனோடு தானே சாட் செய்வது

அது உங்கள் வேலை இல்லை.

வெளியே சொல்லாமல் மறைப்பது

2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, கவனித்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும்; லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஃபார்மட் அடித்தவர் இந்த இரண்டாவதில் மாட்டுவார். முழு விவரமும் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தெரிந்ததை உடனே அனுப்புங்கள், மீதியை அப்புறம் அனுப்பலாம்.