குவார்ட்டர்பேக் 'ஓய்வு' என்றால் முதலில் காலண்டரைப் பாருங்கள்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்தான் குவார்ட்டர்பேக். அப்படி வயதான ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்று செய்தி வந்தவுடன் பிரியாவிடைப் பதிவு எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். 2008 மார்ச்சில் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் பிரெட் ஃபார்வ் கண்ணீரோடு விடைபெற்றபோது நானும் நம்பியவன்தான். (எழுத்துக்கூட்டிப் படித்தால் ஃபாவ்ரே என்று வரும், சொல்வது ஃபார்வ். தமிழில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.) அப்புறம் அந்த மனிதர் இன்னும் மூன்று சீசன் ஆடினார். அதிலிருந்து இந்த வகைச் செய்தியைப் படிப்பதற்கு எனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, எந்த மாதம் சொன்னார் என்பது. அந்த ஆட்டத்தின் பெரிய லீக்கான என்எஃப்எல் சீசன் செப்டம்பரில் தொடங்கி, பிளேஆஃப் என்கிற நாக்கவுட் சுற்று, சூப்பர் பவுல் என்கிற இறுதிப் போட்டி எல்லாம் சேர்த்து பிப்ரவரி வரை இழுக்கும். அத்தனை மாதம் நூற்றிருபது கிலோ ஆட்கள் வந்து மோதி மோதித் தோளும் கணுக்காலும் வீங்கிக் கிடக்கும்போது யாரைக் கேட்டாலும் போதும் சாமி என்றுதான் சொல்வார்கள். பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். சொல்லும் நேரத்தில் அது சத்தியமான வார்த்தை, ஆனால் ஜூன் மாதம் வலி போய்விடும், ஜூலையில் பயிற்சி முகாம் திறந்துவிடும்.

ஃபார்வின் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2008 மார்ச்சில் ஓய்வு, ஜூலையில் திரும்பி வருகிறேன் என்றார், ஆகஸ்டில் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனார். 2009 பிப்ரவரியில் மறுபடி ஓய்வு. ஜூலை 28 அன்று மினசோட்டா வைக்கிங்ஸ் பயிற்சியாளரிடம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஆகஸ்ட் 18 அன்று அதே வைக்கிங்ஸில் கையெழுத்துப் போட்டார். இடைப்பட்ட மூன்று வாரத்தில் அணியின் முகாம் முடிந்திருந்தது. முகாமைத் தவிர்க்கத்தான் இவ்வளவு நாடகமும் என்று சிலர் சொன்னார்கள், நாற்பதை நெருங்குகிற உடம்புக்கு வெயிலில் முகாம் ஓட்டம் எப்படி இருக்கும் என்று நினைத்தால் அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சொன்ன சொல் மாறுகிறவர் என்று அவரைத் திட்டினவர்கள் ஏராளம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிப்ரவரியில் உடம்பு பேசியது, ஜூலையில் ஆசை பேசியது, இரண்டுக்கும் வாய் ஒன்றுதான்.

இன்னொரு குவார்ட்டர்பேக் டாம் பிரேடி இந்தக் கணக்கையும் மீறியவர். 2022 பிப்ரவரி 1 அன்று ஓய்வு, மார்ச் 13 அன்று திரும்பிவிட்டார். நாற்பதே நாள், ஒரு மண்டலத்துக்குக்கூட வரவில்லை.

அடுத்து, அவர் கடைசியாக வீசிய பந்து யார் கையில் விழுந்தது என்று பாருங்கள். இது எனக்குப் பிடித்த சோதனை. 2008 ஜனவரி 20, கிரீன் பே, பூஜ்ஜியத்துக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸ் குளிர், சூப்பர் பவுலுக்கு ஒரு படி முன்னால், எதிரே நியூயார்க் ஜயன்ட்ஸ். கூடுதல் நேரத்தில் ஃபார்வ் வீசிய பந்து எதிரணியின் கோரி வெப்ஸ்டர் கைக்குப் போனது, ஆட்டமும் 23-20 என்று போனது. பதினாறு வருடம் ஒரே அணிக்கு ஆடிய ஒருவர் அந்தப் பந்தோடு வீட்டுக்குப் போய் நிம்மதியாக மீன் பிடித்துக்கொண்டு இருப்பார் என்று நாம் நம்பினதுதான் தப்பு. இன்னொரு குவார்ட்டர்பேக் பெய்டன் மானிங் 2016 பிப்ரவரியில் சூப்பர் பவுல் வென்று மார்ச்சில் ஓய்வு அறிவித்தார், திரும்பி வரவேயில்லை. ஜான் எல்வேயும் கோப்பையோடுதான் கிளம்பினார். மனசில் பாக்கி இல்லாதவர்களை உடனே நம்பலாம்.

மூன்றாவது, கோடையில் அவர் யாருக்குப் பந்து வீசிக்கொண்டிருக்கிறார்? ஃபார்வ் மிசிசிப்பியில் தன் ஊருக்குப் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் மாணவர்களோடு சேர்ந்து பயிற்சி செய்தார். ஓய்வு பெற்ற மனிதர் ஜூன் வெயிலில் பதினேழு வயதுப் பையனுக்கு ஐம்பது கஜம் எறிந்து பார்க்கிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிட முக்கியம், ஒப்பந்தம். டிவியில் அழுவதற்கும் அணியிடமிருந்து விடுபடுவதற்கும் சம்பந்தமே இல்லை. ஒப்பந்தம் பாக்கி இருக்கும்போது ஓய்வு அறிவித்தால், ஆள் ஓய்வுப் பட்டியலில் இருப்பார், உரிமை அணியிடமே இருக்கும். 2008இல் ஃபார்வ் திரும்ப நினைத்தபோது சிக்கியது அங்கேதான். பேக்கர்ஸ் அதற்குள் அடுத்த குவார்ட்டர்பேக்கான ஆரன் ராட்ஜர்ஸ் பக்கம் போய்விட்டது, பரம எதிரியான வைக்கிங்ஸுக்கு விடவும் மனசில்லை, அதனால் ஜெட்ஸுக்குத் தள்ளிவிட்டார்கள், ஜெட்ஸ் அவரை வைக்கிங்ஸுக்கு மாற்றினால் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றுத் தேர்வுகள் மூன்றை பேக்கர்ஸுக்குத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. 2009 ஏப்ரலில் ஜெட்ஸ் அவரைப் பட்டியலிலிருந்தே விடுவித்தது. மாற்றினால்தானே நிபந்தனை? ஓய்வில் இருக்கிறவரை அணி ஏன் விடுவிக்கிறது, அவர் ஏன் அதைக் கேட்கிறார் என்று அன்றைக்கே யோசித்தவர்கள் ஆகஸ்டில் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

உங்கள் அணியில் இப்படி ஒருவர் இருந்தால், அவரைப் பார்க்கும் நேரத்தில் பாதியைப் பெஞ்சில் இருப்பவருக்குக் கொடுங்கள். ராட்ஜர்ஸ் மூன்று வருடம் காத்திருந்தார். ஜெட்ஸில் ஃபார்வ் வந்ததும் வேலை போனவர் சாட் பென்னிங்டன். அவர் மயாமிக்குப் போய், அந்த சீசனின் கடைசி ஆட்டத்தில் அதே ஜெட்ஸைத் தோற்கடித்து, லீக்கில் இரு அணிகளும் இருந்த பிரிவையும் வென்றார். ஒரு மனிதர் முடிவெடுக்கத் தள்ளிப்போட்டால் எத்தனை பேர் வீடு மாற வேண்டியிருக்கிறது!

அதற்காக, திரும்பி வருவதே முட்டாள்தனம் என்றும் சொல்லாதீர்கள். 2009இல் ஃபார்வ் 33 டச்டவுன் (புள்ளி தந்த எறிதல்), வெறும் 7 இண்டர்செப்ஷன் (எதிரணி கைக்குப் போன எறிதல்), அணிக்கு 12 வெற்றி. சீசன் நடுவே நாற்பது வயது முடிந்தது. ஆனால் அதன் முடிவு? நியூ ஆர்லியன்ஸில் 28-28 சமநிலை, சில நொடிகள்தான் பாக்கி, ஓடிக்கொண்டே குறுக்காக எறிந்தார், பந்து எதிரணியின் டிரேசி போர்ட்டர் கையில். மறுபடியும் அதே பாக்கி. 2010 ஆகஸ்டில் சக வீரர்கள் மூன்று பேர் விமானம் ஏறிப் போய் அவரை வீட்டிலிருந்து அழைத்து வந்தார்கள்.

அந்த வருடம் உடம்பு எந்தப் பேச்சையும் கேட்கவில்லை. 11 டச்டவுன், 19 இண்டர்செப்ஷன். 1992இலிருந்து தொடர்ந்து 297 ஆட்டங்களில் தொடக்கம் முதல் ஆடியவர், டிசம்பர் 13 அன்று தோள் காயத்தால் வெளியே உட்கார்ந்தார். அடுத்த ஆட்டத்துக்கும் இல்லை என்று அறிவித்துவிட்டு, கடைசியில் ஆடவும் வந்துவிட்டார், உறைந்துபோன மைதானத்தில் தலை அடிபட்டு விழுந்தார். காய அறிக்கைகூட அவரிடம் சொன்ன சொல்லில் நிற்கவில்லை. 2011 ஜனவரியில் ஓய்வுக் காகிதங்கள் போயின. அதன்பின் அவர் ஆடவில்லை.

பிரேடி 2023 பிப்ரவரி 1 அன்று இரண்டாம் முறை ஓய்வு என்றபோது நான் எழுதி வைத்ததை வெளியிடாமல் வைத்திருந்தேன். 2024 அக்டோபரில் ரைடர்ஸ் அணியில் அவர் பங்கு வாங்குவதற்கு மற்ற உரிமையாளர்கள் ஒப்புதல் தந்தார்கள். உரிமையாளராக இருந்துகொண்டு ஆட முடியாது, ஆட வேண்டுமென்றால் பங்கை விற்க வேண்டும். அப்போதுதான் பதிவைப் போட்டேன்.