பென்டிரைவில் வைத்த சாம்ப்ளர் ஒலிக்காதபோது

ஒத்திகை நடக்கும் இடத்துக் கணினியில் எதையும் நிறுவ எனக்கு அனுமதி கிடையாது. ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளை நிறுவும்போதே, கணினியில் நிறுவாமலே ஓடும் போர்ட்டபிள் என்றொரு தேர்வு வரும். அதைக் கொண்டு பென்டிரைவில் போட்டு, சாம்பிள்களை, அதாவது பதிவுசெய்த ஒலித்துண்டுகளை, இசைக்கும் ஒரு சாம்ப்ளர் பிளகினையும் (ரீப்பருக்குள் ஓடும் துணை மென்பொருள்) எஸ்எஃப்ஸெட் (SFZ) வடிவ மிருதங்க சாம்பிள்களையும் சேர்த்து வைத்தேன். வீட்டில் நன்றாக ஓடியது. அங்கே போனால் தா, தீ எதுவும் ஒலிக்கவில்லை.

காரணம் டிரைவ் எழுத்து. வீட்டில் ஈ, அங்கே எஃப். எஸ்எஃப்ஸெட் என்பது எந்தச் சாம்பிளை எப்போது இசைப்பது என்று சாம்ப்ளருக்குச் சொல்லும் வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடிலேயே திறக்கும். உள்ளே ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஈ டிரைவிலிருந்து முழுப் பாதை இருந்தது. டிரைவ் எழுத்தை மாற்ற நிர்வாகி அனுமதி வேண்டும், அதுவும் அந்த ஒரு கணினிக்குத்தான் செல்லும். அதனால் தேடி மாற்றும் வசதியால் முன்பகுதியை நீக்கி, எஸ்எஃப்ஸெட் கோப்பு இருக்கும் ஃபோல்டரிலிருந்து தொடங்கும் பாதையாக்கினேன். இப்போது டிரைவ் எந்த எழுத்தில் வந்தாலும் சாம்பிள்கள் கிடைக்கின்றன.

அப்புறம் கரகரப்பு வந்தது. பெரிய சாம்பிள்களின் தொடக்கத்தை மட்டும் ராமில் ஏற்றி, மீதியை டிஸ்க்கிலிருந்து வாசித்தபடியே இசைப்பது பல சாம்ப்ளர்களின் வழக்கம்; மெதுவான பென்டிரைவ் அதற்கு ஈடுகொடுக்காது. வாசிக்கும் முன் மொத்த ஃபோல்டரையும் டெஸ்க்டாப்பில் நகலெடுத்துக்கொள்கிறேன், முடிந்ததும் அழித்துவிடுகிறேன்.