யாழ்ப்பாணத்தில் குடியேற வருபவர்களுக்கு: குடியை விட்டவர்களின் கூட்டத்தைத் தேடிப்பிடிப்பது

கனடாவிலோ லண்டனிலோ பல வருடம் இருந்துவிட்டு ஊரில் தங்க வருபவர்கள் வீடு, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் முன்கூட்டியே விசாரித்து வைப்பார்கள். அங்கே கிழமைக்கு இரண்டு தரம் போய்வந்த ஏ.ஏ. (அல்கஹோலிக்ஸ் அனானிமஸ், குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்பவர்களின் குழு) கூட்டத்துக்கு இங்கே என்ன வழி என்று மட்டும் விசாரிக்க மாட்டார்கள். வந்த முதல் மாதத்தில்தான் அது மிகவும் தேவைப்படும். வீட்டுக்கு வீடு விருந்து, பின்னேரம் பழைய கூட்டாளிகள், "வெளியில இருந்து வந்தனி, ஒண்டும் கொண்டரேல்லையோ?" என்ற கேள்வி. விமான நிலையத்தில் போத்தல் வாங்காதீர்கள். மாமாவுக்கு என்று வாங்கினாலும் அது ஒரு இரவாவது உங்கள் பெட்டிக்குள்தான் இருக்கும்.

இன்னும் குடித்துக்கொண்டிருப்பவருக்கு, அதுவும் விடிய எழும்பியதும் கை நடுங்குகிறவருக்கு, கூட்டத்துக்கு முதல் ஆஸ்பத்திரி. நாளாந்தம் குடித்தவர் தானாகவே சட்டென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்து 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் மனம் குழம்பி இல்லாதது கண்ணில் தெரியத் தொடங்கினால் உயிருக்கே ஆபத்து; 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு உண்டு. எவ்வளவு குடித்தீர்கள் என்பதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். மருந்தின் அளவை அதைக் கேட்டுத்தான் தீர்மானிப்பார்கள்.

கூட்டம் எங்கே நடக்கிறது என்றும் அந்தக் கிளினிக்கிலேயே கேட்கலாம். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் உளவளத்துணை உத்தியோகத்தரிடமும் கேளுங்கள். 1926 மனநல உதவி இலக்கம். "கூட்டம் இருக்கா?" என்று மட்டும் கேட்டால் விழிப்புணர்வுக் கருத்தரங்குக்கு அனுப்பிவிடுவார்கள். "குடியை விட்டவர்கள் தாங்களே நடத்துற கூட்டமா, தமிழிலயா, குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டுமா, எத்தனை மணிக்கு முடியும்?" என்று கேளுங்கள். முடியும் நேரம் முக்கியம். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு ஒழுங்கைக்குத் தெரிந்த ஓட்டோக்காரரைக் கூப்பிடவேண்டி வந்தால் அடுத்த கிழமை போக மனம் வராது. சொந்த ஊரில் வெட்கமாக இருந்தால் இரண்டு ஊர் தள்ளிப் போங்கள், அதில் பிழையில்லை.

ஏ.ஏ. 1935 இல் அமெரிக்காவில் தொடங்கியது. சேர ஒரே தகுதி, குடியை விடவேண்டும் என்ற விருப்பம். கட்டணம் இல்லை, தொப்பியோ பையோ சுற்றி வந்தால் விரும்பியதைப் போடலாம், போடாமலும் விடலாம். பேசும் முறை உங்களிடம் வரும்போது "இண்டைக்குக் கேக்க வந்தனான்" என்றால் போதும், யாரும் தோண்டமாட்டார்கள். தேவாலய மண்டபத்தில் நடந்தால் சைவர்கள் தயங்குவதுண்டு. மண்டபத்தில் இடம் எடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். கூட்டத்தில் சொல்லும் "உயர்சக்தி", அதாவது நம்மைவிடப் பெரிய ஒரு சக்தி, என்பதை நல்லூர்க் கந்தனாக வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம். அந்தப் பேச்சே ஒத்துவராதவர்கள், சிந்தனைப் பயிற்சியை அடிப்படையாகக் கொண்ட ஸ்மார்ட் ரிக்கவரியை இணையத்தில் பார்க்கலாம்.

ஒரு கூட்டத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். மூன்று நான்கு தரம் போங்கள். ஆனால் மருந்து விற்பது, மதம் மாறச் சொல்வது, ஒருவர் சொன்னதை வெளியில் கதைப்பது, இதில் ஒன்று நடந்தாலும் திரும்பிப் போகவேண்டாம். "சாப்பாட்டுக்க கலந்து குடுங்கோ, அவருக்குத் தெரியாது" என்று தூள் விற்பவரை வீட்டுக்காரர் நம்பவே கூடாது. அதில் குடித்தால் உடம்புக்கு ஒத்துவராமல் செய்கிற டைசல்பிராம் என்ற மருந்து இருந்தால், தெரியாமல் குடித்தவரின் இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். வைத்தியர் சொல்லி அதே மருந்தை எடுப்பவர்கள் இருமல் பாணியையும் அரிஷ்டத்தையும் தவிர்க்கவேண்டும். புளிக்கவைத்துச் செய்கிற அரிஷ்டத்தில் மதுசாரம் உண்டு. வீட்டில் அம்மம்மா நல்லெண்ணத்தோடுதான் ஊற்றித் தருவார்.

வந்திறங்கிய முதல் கிழமைகளுக்குப் பழைய குழுவையே இணையவழியில் பிடித்து வைத்திருங்கள். ரொறன்ரோவின் இரவு 7.30 கூட்டம் இங்கே கோடையில் மறுநாள் விடிய 5 மணி, குளிர்காலத்தில் 6 மணி. லண்டனின் மாலை 7 மணி கோடையில் இரவு 11.30, குளிர்காலத்தில் 12.30. நித்திரை முறிக்கும் அந்த நேரம் நீண்ட நாளைக்கு ஓடாது. சென்னைக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் தமிழ்நாட்டுத் தமிழ்க் குழுக்களின் இணையக் கூட்டங்களைத் தேடுவது நல்லது. இலங்கையில் கடிகாரம் மாறுவதில்லை. மார்ச்சிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கனடாவிலும் லண்டனிலும் மாறும்போது ஒரு மணித்தியாலம் பிசகி ஆட்கள் கூட்டத்தைத் தவறவிடுகிறார்கள். சேர முன் திரையில் தெரியும் முழுப்பெயரை மாற்றுங்கள், இயர்போனைப் போடுங்கள். முன்விறாந்தையில் இருந்து கதைத்தால் பக்கத்து வளவுக்கும் கேட்கும்; கிணற்றடிக்குப் போய்விடுங்கள்.